தகர வேலிக்கு வெளியே: சபையாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர், உறுப்பினர்கள், செயலாளர் ஆகியோருக்கு,

கடலோரச் சிறுவர் பூங்காவைச் சுற்றித் தகரம் அடித்து, ஆகஸ்ட் விடுமுறையையும் சேர்த்து ஆறு கிழமைக்கு அதைக் கார்னிவல் நடத்தும் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தீர்கள். வருகிற சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கும் அதே மாதிரிக் கொடுக்க விலைமனு கோரியிருக்கிறீர்கள். உங்கள் அலுவலக வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலை நானே நின்று வாசித்தேன். அதனால்தான் இந்த மடல். ஆகஸ்டில் நடந்ததை ஒருமுறைதானே என்று பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை என்னால் பொறுக்க ஏலாது.

சபையின் பெயரை நான் இதில் எழுதவில்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாகக் கிடக்கிற எழுவான்கரை முழுக்க இப்படிப் பூங்காக்கள் இருக்கின்றன. இதை வாசிக்கிற வேறொரு சபை தன்னைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறேன். வெல்டிங் வேலை. உழவு இயந்திரப் பெட்டி, படலை, யன்னல் கம்பி எல்லாம் செய்வேன். வீட்டில் அம்மா, மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு வெளியே போய்வர வருடத்தில் கிடைப்பது கொஞ்ச நாள்தான். கார்த்திகை, மார்கழியில் மழையும் வெள்ளமும். மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு. சிறுபோகமும் வெட்டி முடிந்து கையில் நாலு காசு புரளும்போதுதான் ஆகஸ்ட் வருகிறது. பிள்ளைகளுக்கும் பாடசாலை இல்லை. அந்த நேரத்தில் கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும், எங்கள் கடல் அடங்கிக் கிடக்கும். வயலும் வானமும் கடலும் ஒன்றாகச் சம்மதிக்கிற அந்தச் சில நாளைத்தான் நீங்கள் வேலிபோட்டு விற்றீர்கள்.

எழுவான்கரையில் இருப்பவர்களுக்குக் கடல் வீட்டுக் கோடிக்குள். எங்களுக்கு அப்படி இல்லை. மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். 2007 க்கு முந்திய யுத்த காலத்தை நான் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, பொதியைப் பிரித்துக் காட்டி, அந்தப் பக்கம் போனால் திரும்பி வருவோமா என்று தெரியாமல் போன காலம். அப்போது ஒரு குடும்பம் கடல் பார்க்கவென்று வெளிக்கிடுமா? சின்ன வயதில் எனக்குத் தெரிந்த பொழுதுபோக்கெல்லாம் தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாக் கடைகள்தான். கச்சான் கோது காலில் நொறுங்கும், தும்பு மிட்டாய் விரலில் ஒட்டும், ஒரு ஊதுகுழலுக்காக மூன்று நாள் அழுவோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் பிள்ளைகளுக்கு அதோடு ஒரு ஊஞ்சலும் ஒரு சறுக்கியும் கடலும் கிடைக்கவேண்டும் என்று நினைத்தேன். உங்கள் பூங்கா அதைத் தந்தது. காசில்லாமல் தந்தது. அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

அந்தப் பூங்காவுக்கு எங்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி என் அம்மாவின் தங்கை, அவவின் புருஷன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு வீடே கடலோடு போனது. அதற்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வருடக்கணக்காக நாங்கள் கூப்பிட்டுப் பார்த்தோம். கடைசியில் மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது, அப்பம்மாவும் வந்தால்தான் ஊஞ்சலாடப் போவேன் என்று அவள் அடம்பிடித்தாள். அம்மா வந்தார். பூவரச மரத்தடியில் உள்ள சீமெந்து வாங்கில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அடுத்த வருடம் பக்கவாட்டாக. மூன்றாம் வருடம் கடலைப் பார்த்து இருந்து, பேரப்பிள்ளைக்குச் சோறு தீத்தினார். இந்த மாதிரிக் கணக்கு உங்கள் சபையின் வருமானப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பதியப்படும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாங்கு இருந்த இடத்தை எத்தனை ரூபாவுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

ஆகஸ்டில் நாங்கள் போன அன்று வேலி அடித்திருக்கும் என்று தெரியாது. மனைவி விடிய ஐந்து மணிக்குப் புட்டு அவித்து, மீன் பொரித்து, சம்பல் இடித்துக் கட்டினாள். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினால் பூங்காவே தெரியவில்லை. தலைக்கு மேல் உயரத்துக்குத் தகரம். வாசலில் 'சாகசப் பூங்கா' என்று பதாகை. பெரியவருக்கு 300, சிறுவருக்கு 200. எங்கள் ஐந்து பேருக்கும் 1,300 ரூபா, அதுவும் உள்ளே கால் வைப்பதற்கு மட்டும். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று புட்டுப் பொதியை வாசலில் வைக்கச் சொன்னார்கள்.

பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போவோம் என்று எப்படிச் சொல்வது? நான் காசை எண்ணிக்கொண்டிருக்க, அம்மா கையைப் பிடித்தார். "நான் இஞ்ச வெளிய நிக்கன் மனே. நீங்க புள்ளையளோட போயித்து வாங்க. எனக்கென்ன ராட்டினமா ஏறப்போறன்?" சாப்பாட்டுப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தகரத்தோரம் போய் நின்றார். 300 ரூபா மிச்சம் பிடிப்பதற்காக, அறுபத்தேழு வயது மனுசி உச்சி வெயிலில் காயும் தகரத்துக்குப் பக்கத்தில் நின்றார். நிழல் தரும் மரம் எல்லாம் வேலிக்கு உள்ளே.

உள்ளே போனதும் மகள் ஊஞ்சலுக்குத்தான் ஓடினாள். நாலு ஊஞ்சலையும் மேலே சுருட்டிச் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தார்கள். காசில்லாமல் ஆட ஒன்று இருந்தால் காசுக்கு ஆடுவதற்கு ஆள் வராது என்ற கணக்கு. சபையாரே, அந்த ஊஞ்சல் வாடகைக்காரரின் சொத்தா? பொதுக் காசில் பிள்ளைகளுக்கென்று வாங்கி நட்ட ஊஞ்சலுக்குப் பூட்டுப் போட அவருக்கு அனுமதி கொடுத்தது யார்?

மலசலகூடத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று. உள்கொண்டி இல்லை. தண்ணீர்ப் பரல் அடி தெரியக் காய்ந்து கிடந்தது. அதற்கு 50 ரூபா. மனைவி போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். வெயிலுக்கு மகளிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உதடு காய்ந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "பிறகு ஒண்டுக்கு வந்தா எங்க போறது அப்பா?" என்றாள். தாயைப் பார்த்தேன், அவள் கீழே பார்த்தாள். வெளியே போகிற நாளில் எங்கள் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. இத்தனை வருடம் ஒரு வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. பத்து வயதில் என் மகள் அதைப் பழகிவிட்டாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த ஆறு கிழமையில் ஒரு தரமாவது அந்தக் கதவைத் திறந்து பார்த்தாரா என்று எழுத்தில் அறிய விரும்புகிறேன்.

இனி நான் சொல்லப்போவது இதையெல்லாம்விடப் பாரதூரமானது. தயவுசெய்து ஆறுதலாக வாசியுங்கள்.

காற்றடித்து நிறுத்துகிற பெரிய றப்பர்க் கோட்டை ஒன்று வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதை ஜம்பிங் என்பார்கள். பத்து நிமிடத்துக்கு 300 ரூபா. மகளும் மகனும் வேறு ஏழெட்டுப் பிள்ளைகளும் ஏறினார்கள். நான் பக்கத்தில் நின்று, தொழில் பழக்கத்தில், அதைக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன். நாலு மூலையில் நாலு முளை. சாண் நீளமும் இல்லாத மெல்லிய கம்பி, அதுவும் கடல் மணலில். விரலால் அசைத்தால் அசையும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேற்கே இருந்து வயலையும் வாவியையும் தாண்டி, சுட்டுக்கொண்டு, கடலை நோக்கி அடிக்கும். ஒரு விசை அடித்தது. மேற்குப் பக்க முளை இரண்டும் பிடுங்கிக்கொண்டு வர, கோட்டையின் ஒரு பக்கம் என் இடுப்பளவுக்குக் கிளம்பியது. உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் கடல் பக்கமாக ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்தார்கள். அங்கே வேலைக்கு நின்ற பொடியன் ஒரு கயிற்றில் தொங்கினான். நானும் இன்னும் இரண்டு தகப்பன்மாரும் விழுந்து மற்றக் கயிற்றைப் பிடித்தோம். காற்று அடங்கியது. ஒரு பிள்ளைக்கும் காயம் இல்லை. மகன் அதை விளையாட்டென்று நினைத்து இன்னொரு தரம் ஏறக் கேட்டான். எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

அந்தப் பொடியனில் நான் பிழை சொல்லமாட்டேன். அவனும் நாள் கூலிக்கு நிற்கிறவன். ஐந்து நிமிடத்தில் அதே நாலு முளையையும் அதே குழியில் திரும்ப அறைந்தான். அடுத்த தொகுதிப் பிள்ளைகள் ஏறினார்கள்.

வீட்டுக்கு வந்து பல இரவு தேடி வாசித்தேன். இந்தக் கோட்டைகளுக்கென்று ஐரோப்பாவில் ஒரு நியமம் இருக்கிறது. ஆகக் குறைந்தது 6 இடத்தில் கட்டவேண்டும். காற்று மணிக்கு 38 கிலோமீற்றரைத் தாண்டினால் பிள்ளைகளை இறக்கி மூடவேண்டும். முளை 16 மில்லிமீற்றர் தடிப்பில் 380 மில்லிமீற்றர் நீளம் இருக்கவேண்டும், முழுதாக நிலத்துக்குள் அறையவேண்டும் என்கிறது பிரித்தானியப் பாதுகாப்பு வழிகாட்டல். முளை பிடிக்காத தரையென்றால் ஒவ்வொரு கட்டுக்கும் 163 கிலோவாவது பாரம் வைக்கவேண்டும். கடல் மணல் முளை பிடிக்குமா பிடிக்காதா என்று கரைவலைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதற்குப் பெரிய செலவும் இல்லை. 200 லீற்றர் பரலில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோ.

2021 டிசம்பர் 16 ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில், டெவன்போர்ட் நகரத்துப் பாடசாலை ஒன்றில் பிள்ளைகள் வருட முடிவைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, இதே மாதிரிக் கோட்டையைக் காற்றுத் தூக்கியது. 6 பிள்ளைகள் இறந்தார்கள். சட்டமும் நியமமும் இருக்கிற நாட்டிலேயே அப்படி. அதை வாசித்த இரவு நான் எழும்பிப்போய் மகன் படுத்திருந்த பாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ராட்டினத்தில் நான் பிள்ளைகளை ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை என்பதை ஒரு வெல்டிங்காரனாகச் சொல்கிறேன். அதன் கால்கள் மணலில், பலகைத் துண்டுகளின் மேல் நின்றன. ஒரு கால் மற்றதைவிடத் தாழ்ந்துவிட்டது, சக்கரம் சுற்றும்போது சாய்வு கண்ணுக்கே தெரிந்தது. கூடை தொங்கும் அச்சாணி வெளியே வராமல் இருக்கக் கொட்டர் பின் போடவேண்டும். குறைந்தது இரண்டு கூடையில் அதற்குப் பதிலாக ஆணியை வளைத்துச் செருகியிருந்தார்கள். கை ஒன்றில் புதிதாக ஒட்டுப் போட்டிருந்தது. தீந்தையையும் துருவையும் சுரண்டாமல் மேலாலேயே ஒட்டிய ஒட்டு. அப்படி ஒட்டினால் உள்ளே காற்றுக் குமிழ் நிற்கும். மேலுக்குத் தடிப்பாகத் தெரியும், உள்ளே பஞ்சு மாதிரி. என்னிடம் வரும் பெட்டிக்கு அப்படி ஒட்டிக் கொடுத்தால் முதல் பாரம் ஏற்றும்போதே உரிமையாளர் திரும்பக் கொண்டுவந்து போடுவார். நெல்மூட்டை ஏற்றுகிற பெட்டிக்கே அந்தக் கவனம் என்றால் பிள்ளைகளை ஏற்றுகிற சக்கரத்துக்கு எவ்வளவு இருக்கவேண்டும்? உப்புக்காற்றில் ஆறு கிழமை நின்ற இரும்பை இடையில் ஒருவர் வந்து தட்டிப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

நாங்கள் உள்ளே நின்றது முக்கால் மணித்தியாலம். நாலு பேருக்கு அனுமதி 1,000, ஜம்பிங் இரண்டு பிள்ளைக்கு 600, தும்பு மிட்டாய் 300. மொத்தம் 1,900 ரூபா, பஸ் காசு வேறு. வெளியே வந்தால் அம்மாவைக் காணவில்லை. ஐஸ்கிறீம் வானின் நிழலில், சில்லுக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார். புட்டை அங்கேயே, தகரத்தோரம், நின்றபடி சாப்பிட்டோம். கடல் இருபது யார் தூரத்தில். அன்றைக்கு அம்மா கடலைப் பார்க்கவே இல்லை.

அடுத்த கிழமை வேலையை விட்டுவிட்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். காற்றையும் முளையையும் ஒட்டையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த உத்தியோகத்தர் கோபப்படவில்லை, சத்தம் போடவுமில்லை. "விருப்பமானவங்க போறாங்க, விருப்பமில்லாதவங்க வீட்டில இருக்கலாம்தானே" என்றார். இரண்டு பஸ் மாறி, புட்டுக் கட்டிக்கொண்டு, வருடத்தில் ஒரு நாள் வருகிறவர்களுக்குச் சொல்லும் பதிலா இது? வீட்டில் இருக்கலாம் என்று எங்களுக்கு எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள்.

சபைக்கு வருமானம் தேவை என்பது எனக்கு விளங்கும். குப்பை அள்ளவும், தெரு விளக்குப் போடவும் காசு வேண்டும். கார்னிவலே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. மரணக்கிணறும் ராட்டினமும் வந்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். அதற்கு வெறும் மைதானம் இருக்கிறது, அறுவடை முடிந்த அரச காணி இருக்கிறது. சிறுவர் பூங்கா அதற்கான இடம் இல்லை. நுழைவுச் சீட்டில் சபைக்குக் களியாட்ட வரி வருகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு சீட்டிலும் சபையின் பங்கும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. வரியை வாங்கிக்கொண்டு முளையை யார் பார்ப்பது என்று கேட்க முடியாது.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு, இரண்டு வருடத்துக்கு மேல் இதைச் சொல்ல எங்களுக்குத் தெரிவான ஒரு ஆள் இருக்கவில்லை. 2025 மே 6 ஆம் திகதி மக்கள் வரிசையில் நின்று உங்களைத் தெரிவுசெய்தார்கள். நான் உங்கள் எல்லைக்குள் வாக்குள்ளவன் இல்லை என்று சொல்லி இந்த மடலை ஒதுக்காதீர்கள். கடற்கரைக்குப் படுவான்கரைப் பிள்ளை, எழுவான்கரைப் பிள்ளை என்று கிடையாது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31 ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது.

ஆகையால் உங்களிடம் கேட்கிறேன். சித்திரைக்கான விலைமனுவைத் திரும்பப் பெறுங்கள். பாடசாலை விடுமுறை நாட்களில் சிறுவர் பூங்காவை எவருக்கும் வாடகைக்குக் கொடுப்பதில்லை என்று சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதை அந்த வாசலில் எழுதி வையுங்கள்.

வேறு இடத்தில் கார்னிவலுக்கு அனுமதி கொடுக்கும்போது, பட்டயப் பொறியியலாளர் ஒருவர் ஒவ்வொரு ராட்டினத்தையும் பார்த்துக் கையொப்பமிட்ட சான்றிதழ் இல்லாமல் ஒரு சீட்டுக்கும் முத்திரை குத்தாதீர்கள். அந்தச் சான்றிதழ் சீட்டு விற்கும் யன்னலில், தமிழில், எல்லோரும் வாசிக்கும்படி ஒட்டப்படவேண்டும். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கிழமைக்கு ஒரு தரமாவது போய்ப் பார்க்கவேண்டும். காற்றுக் கோட்டை வைப்பதென்றால் காற்றளக்கும் கருவி ஒன்றும் பக்கத்தில் இருக்கவேண்டும். கச்சான் அடிக்கிற மாதங்களில் மணலில் அதை வைக்கவே விடாதீர்கள்.

பெண்களுக்குத் தனி மலசலகூடம், உள்கொண்டியோடும் தண்ணீரோடும், காசில்லாமல். இதற்கு மேல் இதில் விளக்கம் தேவையில்லை.

ஆகஸ்ட் ஒப்பந்தத்தின் பிரதி, வாடகைத் தொகை, கிடைத்த களியாட்ட வரி, பாதுகாப்புப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கை ஆகியவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, உங்கள் தகவல் உத்தியோகத்தருக்குத் தனியாக விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லவேண்டும் என்பது சட்டம். அந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என்னால் முடிந்ததையும் சொல்கிறேன். உடைந்து கிடக்கும் சறுக்கியையும், துருப்பிடித்த ஊஞ்சல் காலையும் கூலி வாங்காமல் ஒட்டித் தருகிறேன். கம்பியும் தீந்தையும் சபை தந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையாட்கள் இரண்டு பேரோடு வருவேன். நாள் குறித்து அறிவியுங்கள்.

போன கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலைக்கு வந்தேன். கார்னிவல் போய், தகரமும் கழற்றியாகிவிட்டது. நாலு ஊஞ்சலும் இன்னும் சுருட்டிக் கட்டியபடி, பூட்டோடு நிற்கின்றன. திறப்பு யாரிடம் என்று அங்கே நின்ற காவலாளிக்கும் தெரியவில்லை. அதைக் கழற்றக் கூட்டமோ தீர்மானமோ தேவையில்லை. நாளைக்குக் காலையில் ஒருவரை அனுப்பி வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு வெல்டிங் தொழிலாளி, இரண்டு பிள்ளைகளின் தகப்பன்